ஆற்றுப்படையும் வழிநடைப் பயணமும்

ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழியிற் செலுத்துதல். பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை எனப் பெயர் பெறுவன. அவற்றுள் திருமுருகாற்றுப்படை அடியவனை முருகனிடத்துச் செலுத்துவது. ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிர்ப்பட்ட வறியவனைத் தான் கண்ட வள்ளலிடத்துச் செலுத்துவன. இவற்றை முதன்முதல் ஓதியபொழுது, வள்ளலின் புகழே இவற்றின் பொருளென்றும், வழியைப் பற்றிய செய்திகள் வெறும் அணியென்றும் யான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென உணர்த்தியது எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

எம் இல்லம் ஆவடியில் உள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில், காவியுடை தரித்து, அன்னையின் உருவம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு, வேளாங்கண்ணி நோக்கி நடந்து செல்வோரை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களிற் காணலாம். ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறிச் செப்டம்பர் 8-ஆம் நாள் நிறைவுறும் திருவிழாவிற்கு அவர்கள் செல்கின்றனர். வழியின் நீளம் 300 கிலோமீட்டருக்கும் மிகுதி. யாங்கள் வேறு திருச்சபையினர் எனினும், என் தாய்மாமன் தம் நண்பரோடு இருமுறை இவ்வழி நடந்தவர். இரண்டாம் முறை, விடியற்கு முன் ஒரு கவர்வழியில் குழுவினின்றும் பின்தங்கிப் பிரிந்தார். கைபேசியின் மின்னாற்றலும் தீர்ந்தது. அறியாத சாலையில் நெடுந்தொலை சென்று, வெயிலேற, நீரின்றி மயங்கி வீழ்ந்தார். தேநீர்க்கடை வைத்திருந்த ஒருவர் கண்டு, நீர் தந்து காப்பாற்றினார். “முன்னே போனவர்கள் அந்த இடத்தில் ஒரு கல்லையாவது அடையாளமாக வைத்திருக்கலாமே” என்று மாமா இன்றும் கூறுவார்.

அதன்பின் மலைபடுகடாத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். 583 அடிகளையுடைய இப்பாட்டு, செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் இயற்றியது. மலைவழியின் ஏதங்கள் இதனுள் ஒவ்வொன்றாகக் கூறப்பெறுகின்றன. தினைப்புனங்களிற் பன்றிக்கு வைத்த பொறிகள் உள. ஆதலின் விடிந்தபின் செல்க. யானையை ஓட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் உயிர்க்கு இறுதி செய்யும். ஆதலின் மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்க. பாசி படர்ந்து கால் வழுக்கும் இடங்களில் மெல்லிய மூங்கிற் கோல்களைப் பற்றிக்கொண்டு செல்க. இங்ஙனம் கூறிவரும் புலவர், வழி பிரியும் இடத்தை அடைந்ததும், பின் வருவோர் மயங்காவண்ணம் அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுமாறு பணிக்கின்றார். என் மாமன் வேண்டிய கல் இதுவன்றோ! வழிகேட்டு நிற்பவனையே மற்றொருவனுக்கு வழிகாட்டியாக்கும் இவ்வொரு சொல்லில் ஆற்றுப்படையின் அறம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

இனி, நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையை நோக்குவோம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு, எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்கள் முறையே கூறப்படுகின்றன. எயிற்பட்டினத்துப் பரதவர் மீன் தருவர். வேலூர் எயினர் புளிங்கறிச் சோறு தருவர். ஆமூர் உழவர் நண்டுக் கறியோடு வெண்சோறு தருவர். எவ்வூரில் எவர் எதனைத் தருவர் என்று அறிந்தவன் மூட்டை சுமவாது நடப்பான். எயிற்பட்டினம் இற்றை மரக்காணம் என்றும், நல்லியக்கோடனின் கிடங்கில் திண்டிவனத்தைச் சார்ந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுவர். கிழக்குக் கடற்கரைச் சாலையே செல்லும் வேளாங்கண்ணி அடியார் மரக்காணத்தைக் கடப்பர். செங்கற்பட்டு வழியாகப் புதுச்சேரி செல்வோர் திண்டிவனத்தைக் கடப்பர். பாணன் நடந்த நிலத்திலேயே இவரும் நடக்கின்றனர். ஆயின் இவர் கையில் ஆற்றுப்படை இல்லை.

ஐரோப்பாவிலும் வழிநூல்கள் பழமையானவை. காண்டர்பரிப் பேராயர் சிகெரிக் 990-ஆம் ஆண்டில் உரோமாபுரி சென்று மீண்டபொழுது தங்கிய ஏறத்தாழ 80 ஊர்களின் வரிசை எழுதி வைக்கப்பட்டது. பிரான்சிசெனா வழியை இக்காலத்தார் மீட்டமைத்தற்கு அக்குறிப்பே அடிப்படையாயிற்று. ஸ்பெயின் நாட்டில் புனித யாக்கோபின் கல்லறை உள்ளதெனப் போற்றப்படும் சந்தியாகு தே கம்போஸ்தெலாவிற்குச் செல்லும் நான்கு வழிகளை, 12-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த காலிக்ஸ்து ஏட்டின் ஐந்தாம் பகுதி விளக்குகின்றது. எவ்வாற்று நீர் பருகத்தக்கது, எது தகாதது என்றும் அது கூறும். ஓர் உப்பாற்றின் கரையில் இருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தனராம். நீர் நல்லதோ என வினவிய யாத்திரிகர்க்கு நல்லதே என்று பொய்யுரைத்து, அதனைப் பருகி இறந்த குதிரைகளின் தோலை அவர் உரித்துக்கொண்டனராம். பொய்யான வழிகாட்டியினும் வழிகாட்டி இன்மையே நன்று என்பதற்கு இது தக்க சான்று.

அவ்வழி இடைக்காலத்திற்குப்பின் நலிந்து மீண்டும் தழைத்தது. ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரின் குருவாகிய எலியாஸ் வலிஞ்ஞா, 1980-களில் மஞ்சள் வண்ணத்தால் வழிநெடுக அம்புக்குறி தீட்டினார். அதுவும் ஒரு புல்முடிச்சே. இன்று ‘குரோன்சே’ முதலிய இணையதளங்கள், ஒருநாள் நடை எத்துணைக் கிலோமீட்டர், ஏற்றம் எவ்வளவு, எவ்வூரில் விடுதி உண்டு, அதன்கண் படுக்கை எத்தனை, எத்திங்களில் திறந்திருக்கும் என்பனவற்றைத் தருகின்றன. ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளமுள்ள பிரெஞ்சு வழியைப் பிறநாட்டார் தம் வீட்டிலிருந்தே திட்டமிட இயலுகின்றது. கருவி புதிதாயினும், தொலைவு, தங்கல், உணவு, நீர், ஏதம் என்று அது கூறும் பொருள் நம் புலவர் கூறியதே.

நம் வழியில் உதவி இல்லாமல் இல்லை. பூவிருந்தவல்லியினின்று சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் வழியாய்த் தெற்கே சென்று, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீகாழி கடந்து, 1706-இல் சீகன்பால்கு கரையிறங்கிய தரங்கம்பாடியையும், காரைக்கால், நாகூர், நாகப்பட்டினங்களையும் கடந்து செல்லும் இந்நெறியில் மோரும் உணவும் அளிப்போர் பல சமயத்தினர். குறை யாதெனின், நடந்தோர் அறிவு அவர் நெஞ்சோடு நின்றுவிடுவதே. தார்ச்சாலையின் வெம்மைக்கு அஞ்சி அவர்கள் இருளில் நடக்கின்றனர். இருளிலோ விரைந்து வரும் ஊர்திகட்கு அஞ்சவேண்டும். மலைபடுகடாம் கூறும் கவண்கல்லினும் இவை கொடியன.

ஆதலின், மாணவ நண்பர்களே! அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லியினின்று இக்கல்லூரிக்கு வருவோர் நம்முள் பலர். நம் தெருக்களில் இவ்வழி நடந்து மீண்ட பெரியோரை அணுகி ஐந்தனைக் கேட்டெழுதுவோம்: நீர் கிடைக்கும் இடம், இரவில் தங்கும் இடம், மருத்துவ உதவி கிடைக்கும் இடம், வழி பிரியும் இடம், ஊர்திகளால் ஏதம் மிக்க இடம். நேரிற் சென்று கண்டபின்னரே அவற்றைப் பதிவோம்; உப்பாற்றங்கரையார் செய்த பிழை நம்மால் நேரலாகாது. எவரும் சேர்த்தற்கும் திருத்தற்கும் உரிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் உலகப் படத்தில் இவற்றைத் தமிழிலேயே குறிக்கலாம். மின்னாற்றல் தீர்ந்தார்க்கு உதவுமாறு ஒரு தாளில் அச்சிட்டும் வழங்கலாம்.

1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்து ஆற்றுப்படைகளை நம் கையில் அளித்தார். அவற்றை ஓதித் தேர்வில் எழுதி அமைதலோடு நம் கடன் முடியுமோ? அடுத்த ஆகஸ்டில் ஒரு கவர்வழியில் இருளில் தனித்து நிற்பான் ஒருவனுக்காக, நாம் இன்றே புல்லை முடிந்து வைப்போமாக.