ஒரு படமா? அந்தப் படமா?

பொன்முடி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள மலை. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம். கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மலையில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு.

அங்கே ஒரு தோட்டத் தொழிலாளி. வயது ஐம்பது. முதியோர் வகுப்பில் படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

ஒரு மழை நாளில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்தார். கையில் பலத்த அடி. மலை இறங்கி மருத்துவமனைக்குப் போனார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்கள்.

சீட்டின் கடைசி வரி இது: "ப்ரிங் தி எக்ஸ்ரே."

வீட்டில் அந்த அம்மா அதைக் கூட்டி வாசித்தார். 'ப்ரிங்' என்றால் கொண்டு வா. 'எக்ஸ்ரே' என்பதும் தெரியும். நடுவில் இருந்த சின்னச் சொல்லை விட்டுவிட்டார்.

"மறுபடியும் படம் எடுக்கணும் போல. வேலைக்கும் போகலை. பணத்துக்கு எங்கே போவேன்?" என்று டப்பாவில் இருந்த பணத்தை எண்ணினார்.

பள்ளியில் படிக்கும் மகள் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, 'தி'ன்னு போட்டிருக்கு பாரு. அந்த எக்ஸ்ரேன்னு அர்த்தம். பெட்டியில வச்சிருக்கியே, அதைத்தான் கொண்டு வரச் சொல்றாங்க."

"அப்படியா கண்ணு? புதுப் படம்னா எப்படி எழுதுவாங்க?"

"'ஆன் எக்ஸ்ரே'ன்னு எழுதுவாங்க. ஒரு எக்ஸ்ரேன்னு அர்த்தம்."

பணம் டப்பாவுக்குள் திரும்பிப் போனது.

மூன்று சின்னச் சொற்கள்

ஆங்கிலத்தில் எ, ஆன், தி என மூன்று சொற்கள் உண்டு. இவற்றை 'ஆர்டிகிள்' என்பார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இவை வரும்.

தமிழில் எப்படிப் பேசுகிறோம்? "ஒரு மாடு வாங்கினேன். அந்த மாடு நன்றாகப் பால் கறக்கிறது." முதலில் சொல்லும்போது, கேட்பவருக்கு எந்த மாடு என்று தெரியாது. அதனால் 'ஒரு'. அடுத்த முறை தெரியும். அதனால் 'அந்த'. ஆங்கிலத்திலும் முதலில் 'எ கௌ', பிறகு 'த கௌ'.

ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் "மாடு வந்தது" என்று மட்டும் சொல்லலாம். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 'எ' அல்லது 'த' போன்ற ஒரு சொல் முன்னால் வேண்டும்.

எ எங்கே? ஆன் எங்கே?

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஒன்றைக் குறிக்க மட்டுமே இவை வரும். பல மாடுகள் என்றால் வராது.

ஒரு வீடு, ஓர் ஊர் என்று தமிழில் எழுதுகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். உயிர் ஒலிக்கு முன்னால் 'ஆன்' வரும். மற்ற ஒலிக்கு முன்னால் 'எ' வரும்.

எ பஸ், எ பேங்க், எ யூனிட்.
ஆன் ஆபீஸ், ஆன் எஸ்டேட், ஆன் எக்ஸ்ரே.

எழுத்தைப் பார்க்க வேண்டாம். ஒலியைக் கேளுங்கள்.

தி எங்கே வரும்?

நமக்குத் தெரிந்த அந்த ஒன்றுக்கு 'தி' வரும். ஒன்றே ஒன்றாக இருப்பதற்கும் வரும்: த சன், த மூன். ஆற்றின் பெயருக்கும், மலைத்தொடரின் பெயருக்கும் வரும்: த கங்கா, த வெஸ்டர்ன் காட்ஸ்.

தனி மலை, ஊர், ஆள் ஆகியவற்றின் பெயருக்குப் பொதுவாக வராது. பொன்முடி, அகத்தியர்கூடம், கேரளா என்றே எழுதலாம்.

உயிர் ஒலிக்கு முன்னால் 'தி' என்றும், மற்ற ஒலிக்கு முன்னால் 'த' என்றும் சொல்ல வேண்டும். எழுதுவது ஒரே மாதிரிதான்.

மூன்று வாரம் கழித்து

அந்த அம்மா பழைய படத்தோடு மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் படத்தைப் பார்த்தார். புதிய சீட்டில் "டேக் ஆன் எக்ஸ்ரே" என்று எழுதினார்.

இந்த முறை அந்த அம்மா சின்னச் சொல்லை விடவில்லை.

"புதுசா ஒரு படம் எடுக்கணுமா டாக்டர்?"

"ஆமாம்மா. எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும்."

சீட்டை யாரிடமும் காட்டாமல், தானே படித்துக் கேட்ட முதல் கேள்வி அது.

பயிற்சி

எ, ஆன், தி: எது வரும்?
1. ____ ஆரஞ்சு (ஏதோ ஒன்று)
2. ____ பேனா (ஏதோ ஒன்று)
3. ____ எஸ்டேட் (நமக்குத் தெரிந்த அந்த எஸ்டேட்)

விடை: 1. ஆன் 2. எ 3. தி