ஒரே கையில் எத்தனை தொடர்?

கேள்வி: இரண்டு தொடர்கதை, ஒரு நாடகம் என எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு விழிபிதுங்கும் எழுத்தாளர் என்ன செய்யலாம்?

பதில்: சார்லஸ் டிக்கன்ஸும் இப்படி மாட்டிக்கொண்டவர்தான். 1837-இல் ‘பிக்விக் பேப்பர்ஸ்’, ‘ஆலிவர் ட்விஸ்ட்’ இரண்டையும் மாதாமாதம் எழுதினார்; போதாததற்கு ‘பென்ட்லீஸ் மிசலனி’ இதழின் ஆசிரியர் பொறுப்பு வேறு. அந்த மே மாதம் மைத்துனி மேரி திடீரென இறந்தார். துக்கத்தில் பேனா ஓடவில்லை. இரண்டு தொடர்களுமே ஒரு மாதம் நின்றன.

பிறகு சுமையைக் குறைத்தார். 1839-இல் ஆசிரியர் பொறுப்பை உதறினார். 1836-லேயே ஒப்புக்கொண்ட ‘பார்னபி ரட்ஜ்’ நாவல் தள்ளித்தள்ளிப் போய் 1841-இல்தான் வெளிவந்தது.

ஒப்புக்கொண்ட வேலைகளைக் கெடு தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றை விட்டுவிடுங்கள், இன்னொன்றுக்கு அவகாசம் கேளுங்கள். கெடு முடியும்வரை காத்திராமல் இன்றே கேளுங்கள்.