பலத்த காற்றில் ஹார்னஸ்: புதியவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்

காஞ்சிபுரத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் விண்ட்சர்ஃபிங் பழகப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை அந்தக் கரை நம் மாவட்டத்துக் கரைதான். பல்லவர் காலத்தில் காஞ்சிக்குத் துறைமுகமாக இருந்ததும் மாமல்லபுரம்தான். கடல் நமக்கு அந்நியமில்லை. ஆனால் அதன் காற்றைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெல்லிய காற்றில் பாயைக் கையாலேயே சமாளித்துவிடலாம். காற்று 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் தொட்டுவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே முன்னங்கை மரத்து, விரல் விட்டுப்போகும். அதற்குத்தான் இடுப்பில் ஹார்னஸ். பாயைக் கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பூமில் கட்டிய கயிற்றைத் தன் கொக்கியில் வாங்கி, பாயின் இழுவையைக் கையிலிருந்து எடுத்து உடம்பின் எடைமேல் போடுவது அதன் வேலை. அதை எப்படிச் சரிசெய்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழு எடையையும் நம்பித் தொங்க முடிகிறதா? நினைத்த நொடியில் கழற்றிக்கொள்ள முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே தண்ணீரில் இறங்குங்கள்.

1. முதலில் பாயைக் குறையுங்கள்.

காற்றின் வேகம் 15 நாட்டிலிருந்து 20 நாட்டுக்குப் போனால் பாயின்மேல் விழும் விசை ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிடும். பெரிய பாயை ஏற்றிவிட்டு, ஹார்னஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 20 நாட் காற்றில் சுமார் 5 சதுர மீட்டர் பாய் போதும். புதியவர் அதற்கும் ஒரு படி கீழே எடுங்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்ற ஆர்எஸ்:எக்ஸ் விண்ட்சர்ஃபிங் பிரிவில் ஆண்களுக்கு 9.5 சதுர மீட்டர் பாய்தான் விதி. காற்று கூடினாலும் மாற்ற முடியாது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாயின் அடிக்கயிற்றையும் நன்றாக இழுத்துக் கட்டுங்கள். மேல் ஓரம் தளர்ந்து படபடத்தால்தான் திடீர்க் காற்று உங்கள்மேல் இறங்காமல் மேலேயே கழிந்து போகும்.

2. காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். கோவளக் கரையில் அந்தக் காற்று மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் அமைதியாகத் தெரியும். உள்ளே போனால் திரும்பி வருவது கஷ்டம். அந்தக் காற்றில் பயிற்சி வேண்டாம். பிற்பகலில் கடல்காற்று திரும்பி நிலைத்த பிறகு, கரைக்குச் சாய்வாக அடிக்கும்போது இறங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பாயைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

3. ஹார்னஸைக் கரையிலேயே இறுக்குங்கள்.

இடுப்பு ஹார்னஸ் என்றால் கொக்கி தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பட்டையை இழுத்துக் கட்டியபின் கொக்கியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். வயிற்றுக்கும் கொக்கிக்கம்பிக்கும் நடுவே இரண்டு விரலுக்குமேல் இடைவெளி வந்தால் இன்னும் இறுக்குங்கள். தளர்ந்த ஹார்னஸ் காற்றில் மேலேறி விலாவை அமுக்கும், மூச்சு முட்டும். நனைந்ததும் பட்டை இளகும். ஆகவே தண்ணீரில் ஓர் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்குங்கள். ஹார்னஸ் மேலேறிக்கொண்டே இருக்கிறவர்கள் தொடைப்பட்டை உள்ள உட்காரும் வகையை எடுக்கலாம். அதன் தொடைப்பட்டைகளை முழங்காலை மடக்கி நின்று இறுக்க வேண்டும்.

4. அடுத்துப் பூமின் உயரத்தை வையுங்கள்.

போர்டின்மேல் நின்றால் பூம் தோளுக்கும் முகவாய்க்கும் இடையே இருக்கட்டும். காற்று மிஞ்சி போர்டின் மூக்கு தூக்கினால் ஓர் அங்குலம் இறக்குங்கள். பூமை மாற்றினால் ஹார்னஸ் கயிற்றுக்கு வேண்டிய நீளமும் மாறும். ஆகவே பூம் முதலில், கயிறு பிறகு.

5. கயிறு குட்டையாக இருக்கக் கூடாது.

பயந்தவர்கள் கயிற்றைக் குட்டையாக்கிக்கொள்வார்கள். பாய்க்கு அருகில் இருந்தால் பத்திரம் என்று தோன்றும். உண்மை நேர் எதிர். குட்டைக் கயிறு உங்களைப் பாயோடு ஒட்டவைக்கும், பின்னால் சாய்ந்து எடை போட இடமிருக்காது, அடுத்த திடீர்க் காற்றில் முன்னால் தூக்கி எறியும். கயிற்று வளையத்துக்குள் முழங்கையை விட்டு நிமிர்த்துங்கள். பூம் உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ பட்டால் சரியான ஆரம்பம். பெரும்பாலானவர்களுக்கு 24 முதல் 30 அங்குலக் கயிறு பொருந்தும். பலத்த காற்றில் ஓர் அங்குலம் கூட்டலாம், குறைக்க வேண்டாம்.

6. கயிற்றின் இடத்தை விரல் அகலக் கணக்கில் நகர்த்துங்கள்.

பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்டிலிருந்து பூமின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்குங்கள். ஒரு கயிற்றின் இரண்டு முனைகளும் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் நெருங்கி இருக்கட்டும். கரையில் பாயைக் காற்றுக்குப் பிடித்து, கொக்கியில் மாட்டி, இரு கைகளையும் மெல்லத் தளர்த்துங்கள். பின்கையில் இழுவை அதிகமானால் கயிற்றைப் பின்னால் தள்ளுங்கள். முன்கையில் அதிகமானால் முன்னால் தள்ளுங்கள். காற்று வலுக்கும்போது பாயின் இழுவை மையம் பின்னால் போகும். ஆகவே நேற்று சரியாக இருந்த இடம் இன்று ஒரு விரல் பின்னால் இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். தறியில் பாவு ஒரு பக்கம் தொய்ந்து மறுபக்கம் விறைத்தால் என்னாகும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பூமிலும் அதே கதைதான்.

7. மாட்டுவதையும் கழற்றுவதையும் பார்க்காமல் செய்யப் பழகுங்கள்.

பூமை மார்பை நோக்கி இழுத்தால் கயிறு ஊசலாடி வரும். இடுப்பைச் சற்று உயர்த்திக் கொக்கியில் ஏந்துங்கள். கழற்றுவதும் அப்படியே: கைகளை மடக்கிப் பூமை இழுங்கள், கயிறு தொய்ந்து தானாக விழும். குனிந்து கொக்கியைப் பார்க்கும் நேரத்தில்தான் காற்று அடிக்கும். மாட்டியபின் முழங்காலைச் சற்று மடக்கி, நாற்காலியில் அமர்வதுபோல் எடையை முழுக்க இறக்குங்கள். அரைமனதாக நிமிர்ந்து நிற்பவரைத்தான் காற்று தூக்கும்.

8. கவிழ்ந்து பாய்க்கடியில் போனால் என்ன செய்வது என்று முன்பே பழகுங்கள்.

தூக்கி எறியப்படும்போது பூமை விடாதீர்கள். விட்டால் கொக்கி உங்களை மாஸ்டின்மேல் மோதவைக்கும். தண்ணீருக்கடியில் பாய் தலைமேல் இருந்தால் ஒரு கையால் அதை மேலே தள்ளுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். மறு கையை நேராகக் கொக்கிக்குக் கொண்டுபோய்க் கயிற்றைத் தள்ளிவிடுங்கள். கயிறு முறுக்கிக்கொண்டால் கொக்கிக்கம்பியின் பூட்டைத் திறந்து கம்பியையே கழற்றுங்கள். இதை இடுப்பளவுத் தண்ணீரில், காற்றில்லாத நாளில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு பலமுறை செய்யுங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் ஹார்னஸ் போடவே போடாதீர்கள்.

9. வீடு திரும்புமுன் கயிற்றைக் கையால் தடவிப் பாருங்கள்.

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொக்கி உரசும் இடத்தில் கயிற்றின் உறை தேய்ந்து உள்நூல் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ஹார்னஸின் தையலையும் பூட்டையும் பாருங்கள்.

பிள்ளைகளே, இவ்வளவும் சரியாக வைத்தபின் கை லேசாகும். பூமில் விரல்கள் சும்மா கிடக்கும், போர்டு தானாக ஓடும். அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை பாடும். ஆனால் ஹார்னஸ் கையின் களைப்பை மறைத்துவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கரையிலிருந்து போகும்போது இருந்த பலத்தில் பாதி திரும்பி வரத் தேவை. அந்தப் பாதி கையில் இருக்கும்போதே போர்டைக் கரைக்குத் திருப்புங்கள்.