பதினான்கு நாளில் முடியும் சண்டை

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்களில் பழகிய வழக்கறிஞர்கள், முதல் பெடரல் வழக்கை எடுத்ததும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். தண்டனை அட்டவணையைத் திறக்கிறார்கள். இடப்பக்கம் குற்றத்தின் நிலை 1 முதல் 43 வரை, மேலே முன்குற்ற வகை 1 முதல் 6 வரை, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக் கணக்கு. இவ்வளவுதானே என்று கட்சிக்காரரிடம் ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வருகிறது, அதில் எண் வேறாக இருக்கிறது. “மூணு வருஷம்னுதானே சார் சொன்னீங்க?” என்று கட்சிக்காரர் கேட்கும்போது பதில் இருக்காது.

முதலில் சரியான புத்தகத்தை எடுங்கள். இந்த அட்டவணை இடம்பெறும் பெடரல் தண்டனை நெறிகள் 1987 நவம்பரில் நடைமுறைக்கு வந்தவை. திருத்தங்களும் வழக்கமாக நவம்பர் 1-ஆம் தேதிதான் அமலாகும். தண்டனை விதிக்கும் நாளில் உள்ள பதிப்பே பொருந்தும். அது குற்றம் நடந்த நாளின் பதிப்பைவிடக் கடுமையாக இருந்தால் பழையதைக் கேட்கலாம்; 2013-இல் பியூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆனால் இதில் ஒரு பிரிவு, அதில் ஒரு பிரிவு என்று கலக்க முடியாது. 2025 நவம்பர் பதிப்பு, அட்டவணை தரும் மாத வரம்பை விட்டு விலகுவதற்கான பழைய பிரிவுகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டது. சீனியர் கொடுத்த பழைய மாதிரி மனுவை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

குற்றத்தின் அடிப்படை நிலையைக் கண்டுபிடிப்பது எளிது. அதற்குள் எதையெல்லாம் சேர்த்து எடை போடுகிறார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ‘தொடர்புடைய நடத்தை’ என்ற விதியின்படி, குற்றப்பத்திரிகையில் இல்லாத செயலும் கணக்கில் வரும், தள்ளுபடியான குற்றச்சாட்டும் வரும். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இருக்க வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். ஜூரி விடுதலை செய்த குற்றச்சாட்டைச் சேர்ப்பதை மட்டும் 2024 நவம்பர் திருத்தம் பெருமளவு நிறுத்தியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கட்சிக்காரர் 450 கிராம் கொக்கெயினுடன் பிடிபட்டார், முன்குற்றம் இல்லை. நிலை 22. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு 3 கழிந்தால் 19, அதாவது 30 முதல் 37 மாதம். கூட்டாளி தனியாக விற்ற 1,600 கிராமையும் அறிக்கை இவர் தலையில் கட்டினால் நிலை 26. கழிவு போக 23, அதாவது 46 முதல் 57 மாதம். மற்றக் கழிவுகளை இங்கே விட்டுவிட்டேன்; இரண்டு கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்.

அந்த 1,600 கிராமைச் சேர்க்க மூன்று நிபந்தனைகள் உண்டு. இவர் உடன்பட்ட கூட்டு வேலையின் எல்லைக்குள் அது இருக்க வேண்டும், அந்த வேலைக்கு உதவியிருக்க வேண்டும், இவர் எதிர்பார்த்திருக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். அரசுத் தரப்பு மூன்றாவதற்குத் தாவிவிடும்: “அவருக்குத் தெரியும், எதிர்பார்த்திருப்பார்.” அங்கே போய் மல்லுக்கட்டாதீர்கள். முதல் நிபந்தனைக்கு இழுத்து வாருங்கள். கூட்டாளி விற்கிறான் என்று தெரிந்திருந்ததாலேயே அந்த விற்பனையில் பங்கெடுக்க உடன்பட்டதாக ஆகாது. லாபத்தில் பங்கு இருந்ததா, வாடிக்கையாளர்கள் பொதுவா, ஒரே இடத்திலிருந்து சரக்கு வந்ததா என்று கேளுங்கள்.

450 கிராம்தான் என்று அரசு வழக்கறிஞரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அந்த வரி பெரும்பாலும் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 500 கிராம் கொக்கெயினுக்குச் சட்டம் விதிக்கும் ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை வேறு கணக்கு. அந்த எடையை ஜூரி கண்டறிய வேண்டும், அல்லது கட்சிக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும் (அலைன் வழக்கு, 2013). அறிக்கை சேர்க்கும் எடை அதைக் கொண்டுவராது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாளில் நீதிபதி கேட்கும்போது கட்சிக்காரர் வாய்தவறி ஒரு எண்ணைச் சொன்னால் வந்துவிடக்கூடும். முந்தின நாளே உட்காரவைத்துப் பயிற்சி கொடுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து எழுத்தில் ஆட்சேபிக்க 14 நாள். மறுக்கப்படாத பகுதியை நீதிபதி உண்மை என்றே ஏற்கலாம். இதைப் படித்தும் பதிமூன்றாம் நாள் உட்காருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். “மறுக்கிறோம்” என்று ஒற்றை வரி எழுதினால் பல நீதிமன்றங்களில் செல்லாது. பத்தி எண்ணைக் குறித்து, வேலைக்குப் போன நேரப்பதிவு, போன் பதிவு என்று ஏதாவது ஒன்றை இணையுங்கள்.

முன்குற்றப் புள்ளிகளுக்கு அறிக்கையை நம்பாமல் பழைய தீர்ப்பின் நகலை வாங்குங்கள். 13 மாதத்துக்கு மேற்பட்ட தண்டனைக்கு 3 புள்ளி. சரியாக 13 மாதம் என்றால் 2. ஒரு நாள் வித்தியாசத்தில் முன்குற்ற வகையே மாறிவிடலாம். புள்ளியே இல்லாதவருக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், 2023 நவம்பரிலிருந்து இரண்டு நிலை கழியும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது ஆலோசனை எண்தான். 2005-இல் புக்கர் தீர்ப்பு வந்தபின் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. உள்வர்த்தக வழக்கில் தண்டிக்கப்பட்ட, கொழும்பில் பிறந்த நிதி மேலாளர் ராஜ் ராஜரத்தினத்துக்கு 2011-இல் அரசுத் தரப்பு நெறிகளைக் காட்டிப் பத்தொன்பதரை ஆண்டுக்குக் குறையாமல் கேட்டது. நீதிபதி ஹோல்வெல் அவருடைய உடல்நிலையையும் அறப்பணிகளையும் கருதி 11 ஆண்டு விதித்தார். நெறிகளை வகுக்கும் தண்டனை ஆணையத்தின் இணையதளத்தில், உங்கள் கட்டத்தில் விழுந்த மற்றவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று பார்க்கலாம். அதை மனுவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

கடைசியாக, அறிக்கைக்காக நன்னடத்தை அலுவலர் நடத்தும் நேர்காணலுக்குக் கட்சிக்காரரைத் தனியாக அனுப்பவே கூடாது. குடும்பத்தார் குடிப்பழக்கத்தை மறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சிறைத் துறை அந்த அறிக்கையைத்தான் படிக்கிறது. போதை மீட்புப் பயிற்சியை முடிக்கும் தகுதியுள்ள கைதிக்கு ஓராண்டு வரை தண்டனை குறையலாம். பழக்கம் இருந்ததாக அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையென்றால் அதில் சேர்வதே கடினம்.