ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட்

கேள்வி: மேற்படிப்புக்கு மியூனிக் போகிறேன். அறைத் தோழர்களோடு சனி, ஞாயிறில் ஊர் சுற்ற ஆசை. கையிருப்பு தாங்குமா?
– வாசகர், பேகம்பூர், திண்டுக்கல்.

பதில்: தாராளமாகத் தாங்கும் தம்பி. தனியாக மட்டும் கிளம்பாதீர்கள். 'பையர்ன் டிக்கெட்' என்று ஒருநாள் சீட்டு இருக்கிறது. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம். ஆள் சேரச் சேர தலைக்கு விழும் தொகை குறையும். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதியாக வேண்டும். ஐசிஇ போன்ற அதிவேக ரயிலில் ஏறிவிடாதீர்கள், இந்தச் சீட்டு அதற்கு ஆகாது.

முதலில் ஃபூசன் போங்கள். ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்ச தூரம் பஸ். 1869-இல் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அங்கேதான். பள்ளிக்கூட நாளிலிருந்து நம்ம மலைக்கோட்டை ஏறிய கால்களுக்கு அந்த ஏற்றம் பெரிதில்லை. உள்ளே போக முன்பதிவு செய்துவிடுங்கள். அடுத்த வாரம் சால்ஸ்பர்க். அதே சீட்டு போதும். ஆனால் அது ஆஸ்திரியா, பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் திறக்காது. சனிக்கிழமையே சாமான் வாங்கி, விடியலில் புளிச்சோறு கிளறிக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து அறைப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பொட்டலம்.