துலக்கிய பித்தளையும் தோட்டாக் கூடும்

எங்கள் மெட்டீரியல்ஸ் லேபில் கண்ணாடி அலமாரியின் மூன்றாவது தட்டில் ஒரு துப்பாக்கித் தோட்டாவின் காலிக் கூடு இருக்கிறது. நீளவாக்கில் பாதியாக அறுத்தது. 'டீப் டிராயிங்' பாடத்துக்காக வைத்திருக்கிறார்கள். மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, வெறும் பித்தளை. மூன்றாவது செமஸ்டரில் ஒருநாள் சார் அதை வெளியே எடுத்துக் காட்டினார்.

"போன வருஷம் இதைப் பளபளன்னு துலக்கி உள்ளே வச்சேன். பூட்டி சாவியும் என்கிட்டதான் இருக்கு. யாரும் தொடலை. இப்ப பாருங்க, பழுத்துப் போயிடுச்சு. ஏன்?"

வகுப்பில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 'எங்கப்பாவைக் கேட்டா சொல்வார்' என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அப்பா கும்பகோணம் பக்கம் ஒரு பித்தளைப் பட்டறையில் பஃப் போடுகிறவர். இருபது வருஷமாக அதே வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி மேலே படிக்க வந்த முதல் ஆள் நான். நான் பத்தாவது படித்த வருஷம் பட்டறையில் ஒரு சம்பவம் நடந்தது. கார்த்திகை வியாபாரத்துக்காக ஆவணியிலேயே விளக்குகளையும் குடங்களையும் மெருகேற்றி, பழைய பேப்பர் சுற்றி, வைக்கோல் வைத்து மூட்டை கட்டிப் பின்கட்டில் அடுக்கினார்கள். பின்கட்டுக்கும் முதலாளியின் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு. மழை முடிந்து மூட்டையைப் பிரித்தால் பாதிச் சரக்கு கறுத்துக் கிடந்தது. தகட்டில் இழுத்த குடங்கள் சிலவற்றில் கழுத்து ஓரம் மயிரிழை மாதிரி விரிசல் வேறு. "நீ சரியா துடைக்காம வச்சிட்டே"ன்னு சொல்லி அப்பா கூலியில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பிடித்தார்கள். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. "எனக்குக் கையில வேர்வை ஜாஸ்தி, அதுல உப்பு ஜாஸ்தி, அதான் சரக்கு கெடுது" என்று அவரே நம்பிவிட்டார். அன்றிலிருந்து கையில் துணி சுற்றிக்கொண்டுதான் சரக்கைத் தொடுகிறார்.

ஆகவே சார் கேட்ட கேள்வி எனக்குப் பரீட்சைக் கேள்வி இல்லை. நண்பர்களுக்கும் உபயோகப்படும் என்றுதான் மலரில் எழுதுகிறேன்.

தோட்டாக் கூட்டுக்குப் பயன்படும் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இதற்குப் பெயரே 'கார்ட்ரிட்ஜ் பிராஸ்'. இழுத்தால் கிழியாமல் நீளும். சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கும்; அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும். இந்தக் குணத்தால்தான் அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுக்காரர்கள் காலிக் கூடுகளைப் பொறுக்கி, துலக்கி, பத்திரப்படுத்தி, மறுபடி நிரப்பி உபயோகிக்கிறார்கள். நம் நாட்டில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருக்கக் கூடாது. அதனால் நிரப்புகிற கதை நமக்கு வேண்டாம். துலக்கிய பித்தளையை மாசக்கணக்கில் கறுக்காமல் வைப்பது எப்படி என்பதில் அவர்களுக்கும் எங்கள் பட்டறைக்கும் ஒரே கவலை. அது போதும்.

துலக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இவை மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடும். அடியில் இருக்கிற புது உலோகம் தெரியும். பார்க்க அழகு, ஆனால் அதற்குப் போர்வை இல்லை. காற்றின் ஆக்சிஜன், ஈரம், கந்தக வாயு எல்லாம் நேராக அதன் மேல் உட்காரும். முதலில் மெல்லிசாக மஞ்சள் மங்கும், அப்புறம் பழுப்பு, கந்தகம் சேர்ந்தால் கறுப்பு. உப்பு பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு.

இதில் ஒன்று சொல்லவேண்டும். பழுப்பு நிறம் மட்டும் என்றால் அது கெடுதல் இல்லை. அது ஒரு தோல், உள்ளே இருக்கிற உலோகத்தைக் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். ராணுவத் தோட்டாக் கூடுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் இருக்கும். கறை என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். கழுத்தைச் சூடுகாட்டி அனீல் செய்த அடையாளம் அது, வேண்டுமென்றே விட்டு வைக்கிறார்கள். பயப்பட வேண்டியது குழி விழுகிற பச்சைக்கும் விரிசலுக்கும்தான்.

விரிசல் கதையைச் சார் சொன்னபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவம், தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்தால் கூடுகளில் விரிசல். யாரும் சுடவில்லை, தட்டவில்லை, சும்மா இருந்த இடத்திலேயே வெடித்திருந்தது. சீசனில் வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் தெளிவாகத் தெரிய 1921 ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் விளக்கிக் காட்டினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா ஒன்று, இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள்ளேயே தங்கிப்போன இறுக்கம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் விரிசல். அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து செம்பின் மேலுள்ள படலத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். உள் இறுக்கம் அந்த இடத்தைப் பிளந்துகொண்டே போகும். கடைசியாக ஒருமுறை மிதமாகச் சூடுகாட்டி உள் இறுக்கத்தைத் தளர்த்தினால் விரிசல் வராது. (வைவாவில் கேட்பார்கள்: உள் இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க முன்பெல்லாம் மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். பாதரசம் விஷம், நாம் செய்து பார்க்கக் கூடாது. அம்மோனியா ஆவியில் வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு.)

குதிரை லாயம் என்றதும் எனக்கு மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்தது. வார்த்த விளக்குகளில் விரிசல் இல்லை, தகட்டில் இழுத்த குடங்களில் மட்டும் விரிசல். ஏன் என்று அப்போது பட்டறையில் யாருக்கும் புரியவில்லை. எனக்கு லேபில் உட்கார்ந்திருக்கும்போதே புரிந்துவிட்டது.

இருந்தாலும் புத்தகத்தில் இருக்கிறது என்று அப்பாவிடம் போய்ச் சொன்னால் எடுபடாது. கையால் வேலை செய்கிறவருக்குக் கையில் காட்டணும். லேபில் மிச்சமான பித்தளைத் தகட்டைச் சார் அனுமதியோடு ஆறு துண்டாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி துலக்கி, ஆவணியிலிருந்து தை வரை எங்கள் வீட்டுப் பரணில் வைத்தேன்.

புளித் தண்ணியைச் சரியாக அலசாமல் வைத்த துண்டுதான் முதலில் கெட்டது. ஒரே வாரத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்தது. அமிலம் ரொம்ப நேரம் தங்கினால் மேலாகத் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் நிற்கும், அந்த ரோஸ் நிறம்தான் அது. நன்றாக அலசித் துடைத்துத் திறந்து வைத்த துண்டு ஒரே சீராகப் பழுத்தது, கறை இல்லை. என் வெறும் விரலை அழுத்தி வைத்ததில் ரேகை அப்படியே பழுப்பாக விழுந்திருந்தது, போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி. பேப்பர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டதில், ரப்பர் தொட்ட இடத்தில் மை வைத்துக் கோடு போட்டது போல் கறுப்பு. ரப்பரில் கந்தகம் இருப்பதால் வந்த வினை. தோட்டா வைக்கும் தோல் பெல்ட்டிலும் இதே மாதிரி தொந்தரவு உண்டு. தோல் பதனிடும் சரக்கு பித்தளையைத் தின்று பச்சையாக்கும், அதனால் கூடுகளைத் தோலிலே விட்டு வைக்கக் கூடாது என்பார்கள்.

ஐந்தாவதில் கார் மெழுகை மெல்லிசாகத் தடவித் துணியால் தேய்த்திருந்தேன். லேசாக மங்கியதோடு சரி. ஆறாவது, நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டது. அதைத் தையில் எடுத்தபோது அம்மா, "இது புதுசா வெட்டினதா?"ன்னு கேட்டாங்க.

இதில் காயவைப்பதுதான் முக்கால்வாசி வேலை என்பது என் அபிப்பிராயம். எவ்வளவு உயர்ந்த டப்பாவில் வைத்தாலும் உள்ளே ஈரத்தோடு மூடினால் ஈரத்தைத்தான் பத்திரப்படுத்துகிறோம். கூடு மாதிரி உட்குழிவான சாமானில் தண்ணீர் அடியில் நின்றுகொள்ளும், வெளியே துடைத்துப் பிரயோஜனம் இல்லை. கடைசி அலசலுக்கு பாட்டரித் தண்ணீர் நல்லது. போர் தண்ணீரில் அலசினால் சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு. பிறகு வெயிலில் கவிழ்த்து வைக்கலாம். ஓவன் இருந்தால் 100 டிகிரியைத் தாண்டாமல் வைக்கலாம். அடுப்பில் நேராகக் காட்டக் கூடாது. அதிலும் தோட்டாக் கூட்டின் அடிப்பாகம் இளகிவிட்டால் அது ஆபத்து, பிறகு அழுத்தத்தைத் தாங்காது.

சிலிக்கா ஜெல்லைத் தூக்கிப் போடாதீர்கள். நீல மணி ஈரம் குடித்தால் ரோஸ் ஆகும். 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலம். சாப்பாட்டுச் சாமான் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாள்பட்டால் எண்ணெயில் உள்ள அமிலம் செம்போடு சேர்ந்து பச்சையாகும், விளக்கு அகலில் பார்க்கிறோமே அதேதான். பாலிஷ் வாங்கும்போது மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மூக்கில் ஏறினால் அம்மோனியா. பூஜை விளக்குக்குப் போட்டால் நன்றாகக் கழுவிவிட்டால் சரி. இழுத்துச் செய்த சாமானுக்கும் தோட்டாக் கூட்டுக்கும் கிட்டவே போகக் கூடாது. மியூசியங்களில் பென்சோடிரையசோல் என்ற மருந்தைச் சாராயத்தில் கரைத்து உபயோகிக்கிறார்கள். செம்போடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று காக்கும். கையுறை வேண்டும், புழங்குகிற பாத்திரத்துக்கு ஆகாது.

ஆறு துண்டையும் வரிசையாகத் திண்ணையில் வைத்து அப்பாவிடம் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரல் ரேகை விழுந்த துண்டை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இது யார் கைடா?"

"என் கைதாம்ப்பா. எல்லார் கையிலயும் உப்பு இருக்கு. கை பட்டா ரேகைதான் விழும், குடம் வெடிக்காது. வெடிச்சது மாட்டுக்கொட்டகை வாடையால."

ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைத் துணியில் முடிந்து மறுநாள் பட்டறைக்கு எடுத்துப் போனார். கல்யாண சீசனுக்கு மெருகேற்றிய சரக்கு இந்தத் தடவை பின்கட்டுக்குப் போகவில்லை, மாடி அறைக்கு ஏறியது. பேப்பருக்குப் பதில் காய்ந்த பருத்தித் துணியும் பிளாஸ்டிக் கவரும். கையில் துணி சுற்றிக்கொள்வதை அப்பா விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை, அது சரியான பழக்கம்தானே. பிடித்த ஆயிரத்து எண்ணூறு மட்டும் இன்னும் வரவில்லை.