வீரத்துறவி பந்தா சிங்

சமயப்பற்றையும் வாளையும் ஒருங்கே தாங்கிய சங்கங்கள் உலக சரித்திரத்திற் சில உண்டு. மேனாட்டுச் சரித்திரம் பயில்வோர், சிலுவைப் போர்க் காலத்தில் எருசலேமில் தோன்றிய தேவாலய வீரர் சங்கத்தை அறிவர். துறவு பூண்டு வாளேந்திய அவர்களுடைய முத்திரையில், ஒரே குதிரைமீது இரு வீரர் அமர்ந்திருப்பர். அச்சங்கத்தின் கடைசித் தலைவரான ஜாக் தெ மொலே, 1314-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தீக்கிரையாக்கப்பட்டார். அவரோடு ஒருவாறு ஒப்பிடத்தக்க நம் நாட்டுத் தலைவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

காசுமீரத்தின் தென்பாலுள்ள ரஜௌரியில் 1670-ஆம் ஆண்டு பிறந்தவர் லட்சுமண தேவர். இளமையில் வேட்டையாடுங்கால் சினையுற்ற மான் ஒன்றைக் கொன்று, அதனால் மனம் நொந்து துறவு பூண்டார் என்று சொல்வர். மாதவ தாசர் என்னும் பெயருடன் கோதாவரிக் கரையில் நாந்தேடு என்னும் ஊரில் வாழ்ந்து வந்தார். 1699-இல் கால்சா என்னும் சீக்கிய வீரர் கூட்டத்தை நிறுவிய குரு கோவிந்த சிங், 1708-இல் அங்கு வந்தார். குருவைக் கண்ட துறவி அவருக்கு அடிமையானார். ‘பந்தா’ என்னும் பெயருக்குப் பொருளும் அதுவே.

குரு அவ்வாண்டிலேயே மறைந்தார். அவர் அளித்த அம்புகளையும் ஆணை ஓலைகளையும் தாங்கிப் பந்தா பஞ்சாபுக்குச் சென்றார். ஏழை உழவரும் தாழ்த்தப்பட்டோரும் அவர்பால் திரண்டனர். குருவின் இளங்குமாரர் இருவரைக் கொல்வித்த சர்ஹிந்து அதிகாரி வசீர்கான், 1710-ஆம் ஆண்டு மே மாதம் சப்பர்ச்சிரி யுத்தத்தில் மடிந்தான். இப்போர்களில், முதலிற் பிடிபட்ட சமானா நகரில் குற்றமற்றோரும் மாண்டனர் என்பதை நாம் மறைத்தல் தகாது. பழி வாங்கப் புகுந்த வாள் நீதியின் எல்லையில் நிற்பது அரிது.

எனினும், வென்றபின் அவர் செய்தவை எண்ணத்தக்கன. ஜமீன்தார்களின் அதிகாரத்தை நீக்கி, உழுவோரையே நிலத்திற்கு உரியவராக்கினார். நம் கொங்கு நாட்டின் வடபாலுள்ள பாராமகாலில், ரீடு, மன்றோ என்னும் துரைமார் குடிகளிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறையை வகுக்கத் தொடங்கியது 1792-க்குப் பின்னரே. நோக்கம் வேறாயினும், அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இடைநிற்போரை ஒருவர் விலக்கினார் என்பது வியப்பன்றோ? அன்றியும், லோக்கட்டிலிருந்து ஆண்ட அவர், நாணயத்திலோ முத்திரையிலோ தம் பெயரைப் பொறிக்கவில்லை. குரு நானக், குரு கோவிந்த சிங் ஆகியோர் பெயர்களையே பொறித்தார்.

முகலாயர் படை விடாது தொடர்ந்தது. 1715-ஆம் ஆண்டு குருதாஸ் நங்கல் என்னுமிடத்தில் எட்டு மாதம் முற்றுகையிடப்பட்டு, உணவின்றி வாடி, பந்தா சிறைப்பட்டார். இரும்புக் கூண்டில் அடைக்கப்பட்டு, எழுநூற்றுக்கு மேற்பட்ட தோழருடன் தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நாள்தோறும் நூற்றுவர் கொல்லப்பட்டனர். அப்போது தில்லியிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தூதர், ஒருவர்கூடத் தம் சமயத்தைக் கைவிட்டதாகத் தெரியவில்லை என்று எழுதியுள்ளனர். 1716-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், தம் இளம் மகன் கண்முன்னே கொல்லப்படுவதைக் கண்ட பின், பந்தாவும் கொடிய சித்திரவதையால் உயிர் துறந்தார்.

தேவாலய வீரர் சங்கமோ தலைவர் இறப்பதற்கு முன்பே, 1312-இல் கலைக்கப்பட்டுவிட்டது. பந்தாவின் கூட்டம் அவருக்குப் பின்னும் நிலைத்தது. 1801-இல் லாகூரில் அரசரான இரஞ்சித் சிங்கும் தம் பெயரையன்றிக் குருவின் பெயரையே நாணயத்திற் பொறித்தார். தலைவன் தன்னை முன்னிறுத்தாத இடத்தில், அவனோடு அவன் பணி மடிவதில்லை. நாளை ஊர்தோறும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்களாகிய நாம், அவ்வாளைக் காட்டிலும் அந்நாணயத்தையே நினைவிற் கொள்வோமாக.